மிளகாய்ச் சாக்கு நூலும் ராப்பலகையும்

மூட்டு நோவுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு இதை வாசிக்கிற என் வயதுக்காரரே, உங்களுக்கென்றுதான் எழுதுகிறேன். வீட்டு இளசுகளிடம் சொல்லிப் பார்த்தேன். ராப்பலகை என்று வாயெடுத்ததும் மருமகள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள், ஏதோ தின்கிற சாமான் என்று நினைத்து. மகன், கதை நீளுமா என்று கேட்டான். நீளும் என்றேன். உடனே அவனுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. நீங்கள் அப்படி எழும்பிப் போகமாட்டீர்கள். கதிரையை விட்டு எழும்புவதென்றால் எங்களுக்கெல்லாம் முதலில் ஒரு பெருமூச்சு வேண்டும், பிறகு பிடிக்க ஒரு சுவர் வேண்டும்.

சாமானை முதலில் சொல்லிவிடுகிறேன். ராப்பலகை என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு மரத்துண்டு. நடுவில் துளை. துளைக்குள்ளால் ஒரு நூல். நூலில் ஒரு முடிச்சு. இதை வைத்துக்கொண்டுதான் அந்தக் காலத்துப் பாய்க்கப்பல்காரர் கடல் கடந்து போய்த் திரும்பி வந்தார்கள். முடிச்சைப் பல்லில் கடித்து, நூல் விறைக்கும்வரை பலகையை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு, கடலும் வானமும் முட்டுகிற கோட்டில் நிற்க வேண்டும். மேல்விளிம்பு வடக்கு வெள்ளியைத் தொட வேண்டும். எங்கள் பக்கத்தில் நட்சத்திரத்தை வெள்ளி என்போம். வடக்கு வெள்ளி என்றால் துருவ நட்சத்திரம். சொந்த ஊரில் நின்று அப்படித் தொடும்படி முடிச்சைப் போட்டுவிட்டால் போதும். பிறகு கடலில் எங்கே நின்றாலும் பார்க்கலாம். வெள்ளி பலகைக்கு மேலே தெரிந்தால் ஊரைத் தாண்டி வடக்கே போய்விட்டோம். பலகைக்குப் பின்னால் ஒளிந்தால் தெற்கே இறங்கிவிட்டோம். சரியாகத் தொட்டால் ஊர் மட்டத்துக்கு வந்தாயிற்று. கப்பலைக் கரைப்பக்கம் திருப்பி நேரே ஓடினால் வீடு.

எல்லாம் சரி. ஆனால் நாங்கள் இருந்தது கிளிநொச்சியில், குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற குடியேற்றத் திட்டத்தில். கடலைக் காண வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பாய், படுக்கிற பாய்.

அப்பாவின் பரம்பரை வடக்குக் கரையில் பாய்க்கப்பல் ஓட்டிய பரம்பரைதான். அது அப்பாவின் தகப்பனோடு முடிந்தது. அப்பாவுக்கு வன்னியில் காணி கிடைத்தபோது கூட வந்த தம்பிதான் எங்கள் சித்தப்பா. வந்தவர் மண்வெட்டியைப் பழகினார், மாட்டைப் பழகினார், வாய்க்கால் சண்டையையும் பழகினார். கடலை மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு இன்னொரு குறை இருந்தது. கிட்டப்பார்வை. தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்குப் புகைதான். ஆசுபத்திரியில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்; வாங்கியும் இருந்தார். அந்தக் கண்ணாடி அவருடைய சேட்டுப் பைக்குள்ளேயே குடியிருந்தது. கண்ணாடி போட்ட கமக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அவர் கவலை. மாடுகளை மணிச் சத்தத்தில் கண்டுபிடிப்பார், ஆட்களை இருமலில் கண்டுபிடிப்பார். ஒருமுறை பக்கத்து வயல் வைக்கோல் வெருளியிடம் நேரம் கேட்டார் என்று அம்மா சொல்வார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அம்மா அதைச் சொல்வதை நிறுத்தவில்லை.

இப்படிப்பட்ட மனிதர், முல்லைத்தீவுப் பக்கம் அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவர், ஒரு பெண்ணைக் கண்டுவிட்டு வந்தார். எதைக் கண்டார் என்பது அம்மனுக்கே வெளிச்சம். பச்சைச் சேலை என்றார். கூடப் போன அப்பா, நீலச் சேலை என்றார். ஆனால் சித்தப்பா சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருக்கத் தொடங்கியது பொய்யில்லை. அம்மா மீன்குழம்பு ஊற்றினாலும் "பசிக்கேல்லை, மச்சாள்" என்றார். முப்பது வயது தாண்டியவர். அதற்கு முன்னால் பார்த்த இரண்டு இடங்கள் சரிவரவில்லை. "இது சரிவராட்டில் இனி எனக்கு ஒரு இடமும் பாக்க வேண்டாம்" என்று ஒரு நாள் பொழுதுபடச் சொன்னார். சண்டை பிடிக்கிற குரலில் சொல்லியிருந்தால் அப்பா சிரித்திருப்பார். மெல்லச் சொன்னதால் தரகரைக் கூப்பிட்டார்.

அந்த வருடம் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை. குடியேற்றத்தில் எல்லா முற்றமும் சிவப்பு. ஆனி வெயிலில் காய்ந்த மிளகாயின் நெடியில் ஊரே தும்மிக்கொண்டிருந்தது. தரகரும் தும்மிக்கொண்டேதான் எங்கள் விறாந்தைக்கு வந்தார்.

"பொம்பிளையின்ரை தகப்பன் ஒண்டைத்தான் கேட்டவர்," என்றார். "மாப்பிள்ளை கடல் தெரிஞ்ச ஆளோ எண்டு."

"வயல் தெரிஞ்ச ஆள் எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் அப்பா.

"சொன்னனான். அவர் திருப்பியும் அதையேதான் கேட்டவர்."

கதவுக்குப் பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "எங்கட பாட்டன் ஆக்களின்ரை ராப்பலகை வீட்டிலை இருக்குதெண்டு சொல்லுங்கோ."

அப்பா தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். தரகர் முகம் மலர்ந்துபோனது. "அப்பிடியோ? அப்ப வரேக்கை அதையும் கொண்டு வாங்கோ. அந்த மனிசன் உதுகளைக் கண்டால் உருகிப்போவார்."

தரகரின் சைக்கிள் ஒழுங்கை திரும்பும்வரை அப்பா படலையடியில் நின்று பார்த்தார். பிறகு கேட்டார்: "டேய், ராப்பலகையை நீ கண்ணாலை கண்டிருக்கிறியோ?"

"நான் எதைத்தான் கண்ணாலை கண்டனான், அண்ணை," என்றார் சித்தப்பா.

ஆக, பாட்டன் காலத்து ராப்பலகையை அந்தக் கிழமையே செய்ய வேண்டியதாயிற்று.

புதுமரம் சரிவராது, பார்த்ததும் பிடிபட்டுவிடும். எங்கள் வீட்டில் இருந்த பழைய நல்ல மரம் ஒன்றே ஒன்று: அம்மா சீதனமாகக் கொண்டுவந்த தேக்கு அலுமாரி. அம்மா மிளகாய் கிளறப் போன நேரம் பார்த்து, சகோதரர்கள் இருவரும் அதைச் சுவரிலிருந்து மெல்ல நகர்த்தினார்கள். என்னை வாசலில் காவல் வைத்தார்கள். அலுமாரியின் முதுகுப் பலகையில் மரம் அறுக்கிற வாள் கீச்சிட்டது. அறுத்த இடத்திலிருந்து வந்த மணம் இன்றும் மூக்கில் இருக்கிறது: தேக்கு எண்ணெய், பூச்சி உருண்டை, மடித்து வைத்த பட்டு, எல்லாம் கலந்த ஒரு பழைய குளிர்ந்த மணம். அலுமாரியைத் திரும்பச் சுவரோடு அணைத்து வைத்தார்கள். அந்தச் சுவரில் ஒரு சன்னல் இருந்ததை இருவருமே மறந்துவிட்டார்கள்.

பின்னேரம் அம்மா அலுமாரியைத் திறந்தார். உள்ளே அவருடைய கூறைச்சேலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ," என்று அப்பாவைக் கூப்பிட்டார். "என்ரை சீதனத்தை அறுத்தோ உங்கட தம்பிக்குச் சீதனம் தேடுறியள்?"

"உள்ளங்கையளவுதான், மச்சாள்," என்றார் சித்தப்பா.

"உள்ளங்கையளவு காணுமெண்டால் உம்மடை உள்ளங்கையையே அறுத்திருக்கலாமே, தம்பி."

அம்மா அன்றைக்கு ஒருவரோடும் பேசவில்லை. அடுத்த நாள் அப்பா பலகையைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு, நிறம் ஏறவில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அம்மா வந்து பறித்துக்கொண்டு குசினிக்குள் போனார். அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டார். நல்லெண்ணெய் தேய்த்தார். சாம்பல் போட்டுத் துடைத்தார். திரும்பவும் புகை. குழம்பு கொதிக்கக் கொதிக்கப் பலகைக்கு வயது ஏறியது. "எண்பது வயது வந்திட்டுது," என்று ஒருமுறை வெளியே எட்டிச் சொன்னார். "காணுமோ, இன்னும் கொஞ்சம் புகை விடவோ?"

அடுத்தது நூல். மீன்காரர் பாவிக்கிற தங்கூசி பளபளக்கும், நைலோன் என்று குழந்தைக்கும் தெரியும். தையல் நூல் அறும். அப்பா மூலையில் கிடந்த ஒரு மிளகாய்ச் சாக்கின் வாயைப் பிரித்து, சணல் நூல் உருவி, முறுக்கித் தொடையில் உருட்டினார். பழசு போலவே வந்தது. எல்லோருக்கும் திருப்தி.

முடிச்சைப் போட முதல் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. நூலை எங்கே பிடிப்பது? மூக்கு நுனியில் வைப்பது என்றார் அப்பா. பல்லில் கடிப்பது என்றார் சித்தப்பா. இரண்டு பேரும் தகப்பன் வாயால் கேட்ட கதைதான். ஒருவர் பாதியில் நித்திரையாகிவிட்டார், மற்றவர் மிச்சப் பாதியில். "மூக்கிலை வைச்சால் தும்மினவுடனை கப்பல் திசை மாறிடும்," என்று அம்மா தீர்ப்புச் சொன்ன பிறகு பல் வென்றது.

ஆனால் யாருடைய பல்? அப்பாவின் முன்பற்களை வெற்றிலை தின்று முடித்திருந்தது. சித்தப்பாவிடம் பல் இருந்தது, கண் இல்லை. கடைசியில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முன்பல் இரண்டு விழுந்து, கடைவாய்ப் பல்லும் கூர்மையான கண்ணும் மட்டும் இருந்த வயது. குடும்பத்தின் கடற்பயண அறிவு முழுவதும் என் கடைவாயில் வந்து நின்றது.

ராப்பலகை என்று பெயரிருந்தாலும் நடு இரவில் அது உதவாது. வெள்ளியும் தெரிய வேண்டும், கடல் முடிகிற கோடும் தெரிய வேண்டும். ஒளி போயும் போகாமலும் நிற்கிற மைம்மல் பொழுதில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். "தண்ணிக்குப் பக்கத்திலை நிண்டுதான் கட்டவேணும்," என்று சித்தப்பா பிடிவாதம் பிடித்தார். "இல்லாட்டில் அது தரையிலைதான் ஓடும்." அதனால் அப்பாவின் சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு, குளத்தைச் சுற்றித் தென்கரைக்குப் போனோம்.

முதல் நாள் முகில். இன்னொரு நாள் நுளம்பு. வாயைத் திறந்தால் உள்ளே போனது. ஒரு நாள் எருமைக் கூட்டம் நாங்கள் நின்ற இடத்துக்கு வந்து, இது தங்கள் இடம் என்று பார்வையால் சொன்னது. பிறகு ஒரு நாள் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. தாமரை இலையின் பச்சை மணம், சேற்று மணம், மரத்தில் அடைகிற கொக்குகளின் சண்டை. தண்ணீருக்கு அங்கால் வடக்கே குளக்கட்டு கறுத்துக் கிடந்தது. கட்டு நெடுக மருதமரங்கள். அதற்கு மேலே, சரியாக எங்கள் வீடு இருக்கிற பக்கத்தில், வடக்கு வெள்ளி மங்கலாக முளைத்தது. இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டிப் பழகிய அப்பாதான் அதை எனக்குக் காட்டித் தந்தார்.

நான் நூலைக் கடித்தேன். வாய் பற்றி எரிந்தது. அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை: மிளகாய்ச் சாக்கு நூல் உறைக்கும் என்று. கண்ணில் தண்ணீர் ஓட, வாயில் எச்சில் ஒழுக, நான் பலகையை நீட்டிப் பிடித்தேன்.

"கீழ்ப்பக்கத்தை எங்கை வைக்க?" என்று நூலைக் கடித்தபடியே கேட்டேன்.

"வானம் தொடங்கிற இடத்திலை வை," என்றார் அப்பா.

வைத்தேன். பலகையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, கொஞ்சம் வெளியே தள்ளி, மேல்விளிம்பு வெள்ளியைத் தொட்டதும் "ம்" என்றேன். அப்பா நூலோடு விரலை ஓட்டி வந்து, என் உதட்டருகே முடிச்சைப் போட்டார். அவர் விரலில் புகையிலை மணமும் மாட்டு மணமும் இருந்தன. சித்தப்பா பக்கத்தில் நின்று, தனக்குத் தெரியாத வெள்ளியை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "தொட்டிட்டுதோ, பிள்ளை? வடிவாத் தொட்டிட்டுதோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு முதலில் வராது.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பலகை இப்போது இல்லை. அலுமாரியும் இல்லை, அந்தச் சைக்கிளும் இல்லை. ஓடின காலங்களில் எந்தச் சாமான் எந்த மரத்தடியில் நின்றுபோனது என்று எங்கள் வீட்டில் இன்னும் வாக்குவாதம் உண்டு. உங்கள் வீடுகளிலும் இருக்கும். என் தங்கை ஒரு சருவச்சட்டியைப் பற்றி இன்றைக்கும் என்னோடு கோபம். குளம் மட்டும் இருக்கிறது. குளக்கட்டை உயர்த்தியிருக்கிறார்கள். மருதமரங்கள் குறைந்துவிட்டன.

பெண் பார்க்கப் போன ஊர் முள்ளிவாய்க்கால். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் கேட்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நானும் நிறுத்திவிடுவேன். ஆனால் அன்று அது சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன ஊர். வெள்ளை மணல், தென்னை, காய்கிற கருவாடு. வாடகைக் காரில் போனோம். முன்னால் தரகர். பின்னால் அப்பா, அம்மா, சித்தப்பா. எல்லோர் மடியிலும் மாறி மாறி நான். ராப்பலகை ஒரு பட்டுத்துண்டில் சுற்றப்பட்டுச் சித்தப்பாவின் மடியில் இருந்தது. காருக்குள் எங்களில் மிக வசதியாகப் பயணம் செய்தது அதுதான்.

வீடு கடற்கரையிலேயே இருந்தது. ஆனால் வீட்டிலிருந்து கடல் தெரியவில்லை. கடல் பக்கம் முழுவதும் உயரமாகக் கிடுகு வேலி. ஒரு சின்னப் படலை மட்டும், அதுவும் கயிற்றால் கட்டியிருந்தது. வேலியோரம் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்து பூத்திருந்தது. உள்ளே சுவரில் ஒரு இளந்தாரியின் படம், மாலையோடு, முன்னால் விளக்கோடு. "அது ஆர்?" என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினார். பெண்ணின் தகப்பன் தானே சொன்னார், "மூத்தவன், பிள்ளை. கடலுக்குப் போனவன்." திரும்பி வந்ததாக அவர் சொல்லவில்லை.

பிறகு அவர் சித்தப்பாவைப் பார்த்தார். "வள்ளம் சும்மா கிடக்குது, தம்பி. எனக்கும் தனிய ஏலாது. ஒரு துணை இருந்தால் நிமித்திப் போடலாம்."

"அதுக்கென்ன, ஐயா," என்றார் சித்தப்பா. "நான் இருக்கிறன்தானே. கடல் எங்களுக்கு வீட்டு முற்றம் மாதிரி. பாட்டன் ஆக்கள் ரங்கூன் போய் வந்தவை."

பெண்ணின் தாய் தேத்தண்ணித் தட்டோடு வந்தவர், அதை ஒருவருக்கும் நீட்டாமல் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அப்பா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயது மனுசிக்கு எங்களைக் கண்டு என்ன வெட்கம் என்று பெரியவர்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. சித்தப்பா இன்னும் உற்சாகமாகி, பாட்டனைச் சீனாவுக்கும் அனுப்பினார்.

என்னைப் பயத்தம்பணியாரம் தின்னக் குசினிக்குக் கூட்டிப்போனது பெண்தான். நீண்ட பின்னல், மெல்லிய குரல். அவளுடைய தாய் அடுப்படியில் முதுகு காட்டி இருந்தார். பெண் என்னிடம் குனிந்து கேட்டாள், "உங்கட சித்தப்பாக்குக் கடலிலை விருப்பமோ?"

எனக்குப் பாடமாக்கி விட்டிருந்தார்கள். "ஓம், நல்ல விருப்பம்," என்றேன். "வயலிலை நிக்கேக்கையும் கடலைப் பற்றித்தான் கதைப்பார்."

அவளுடைய முகம் வாடியது. நான் மூன்றாவது பணியாரத்தை எடுத்ததால் என்று நினைத்து, அதைத் திரும்ப வைத்தேன்.

வெளிச்சம் சாய்ந்ததும் பெண்ணின் தகப்பன் எழும்பினார். "ராப்பலகை கொண்டு வந்தனீங்களாம். வாங்கோ, மைம்மலாகுது, பிடிச்சுப் பாப்பம்." படலைக் கயிற்றை அவிழ்த்தார். எல்லோரும் மணலில் இறங்கினோம். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பெண்ணும் தாயும் படலைக்குள்ளேயே நின்றார்கள்.

பெண்ணின் தகப்பன் பட்டுத்துண்டை விரித்துப் பலகையைத் தடவினார். அவர் முகம் உண்மையாகவே உருகியது. "தேக்கு," என்றார். "என்ரை ஐயாவிட்டையும் உப்பிடி ஒண்டு இருந்தது." நூலை வாயில் வைத்துக் கடித்தார். நாக்கால் உதட்டைத் துழாவினார். பிறகு நூலை எடுத்துவிட்டு மணலில் துப்பினார்.

"தம்பி," என்றார். "உறைக்குது."

அப்பாவும் தரகரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"குசினிக்குள்ளை வைச்சிருந்தது," என்றார் அப்பா.

"ரங்கூன் போனவை நல்லா உறைப்புத் தின்பினம்," என்றார் தரகர்.

பெண்ணின் தகப்பன் பலகையைச் சித்தப்பாவிடம் நீட்டினார். "நீங்கள் பிடியுங்கோ, பாப்பம்."

சித்தப்பா முடிச்சைக் கடித்தார். கம்பீரமாகக் கையை நீட்டினார். தூரத்தில் தெரிந்த ஒரு வெளிச்சத்துக்கு நேரே பலகையை உயர்த்தி, தலையை ஆட்டினார். நான் அவர் வேட்டியை இழுத்தேன். அவர் அசையவில்லை.

"தம்பி," என்றார் பெண்ணின் தகப்பன். "அது வெள்ளியில்லை. அது என்ரை தங்கச்சியின்ரை புருசன். லாந்தரோடை வலை போடப் போறார்."

அப்போதுதான் சித்தப்பாவைக் காப்பாற்றலாம் என்று எனக்குப் பட்டது. பலகையைப் பறித்தேன். கடைவாயில் முடிச்சை வைத்துக் கடித்து, எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு, கீழ்விளிம்பைக் கடலின் கோட்டில் வைத்தேன். அவ்வளவு நேரான கோட்டை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. மேலே பார்த்தேன். வெள்ளி பலகையைத் தொடவில்லை. ஒரு விரல் உயரத்தில் தனியாக நின்றது.

"சித்தப்பா, வெள்ளி மேலை ஏறிட்டுது," என்றேன், எல்லோருக்கும் கேட்க. "நாங்கள் கனதூரம் வடக்கை வந்திட்டம்."

பெண்ணின் தகப்பன் எனக்கு முன்னால் குந்தினார். "முடிச்சு எங்கை நிண்டு போட்டது, பிள்ளை?"

"குளத்திலை."

"குளத்துக்கு அங்காலை என்ன இருந்தது?"

"கட்டு. கட்டிலை மருதமரம்."

"அப்ப மரத்தின்ரை உச்சியிலையோ பலகையை வைச்சனீங்கள்?"

"வானம் அங்கைதான் தொடங்கினது," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. குந்தியிருந்தவர் மணலில் கையூன்றிச் சிரித்தார். "தம்பி, இந்த முடிச்சை நம்பி நீங்கள் கடலுக்குப் போனால், வீடு வந்திட்டுதெண்டு நினைச்சுத் தெற்கை கல்முனைக்கும் அங்காலை போய் இறங்குவியள்." சிரிப்பு மெல்ல அடங்கியது. எழும்பி, மணலைத் தட்டி, வேலியோரம் கவிழ்ந்து கிடந்த வள்ளத்தைப் பார்த்தார். பலகையை என்னிடமிருந்து வாங்கி, பட்டுத்துண்டில் கவனமாகச் சுற்றி, சித்தப்பாவின் கையில் கொடுத்தார். தரகர் காரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அம்மா என் கையைப் பிடித்தார். அப்பா, "அப்ப நாங்கள் வாறம்," என்றார்.

சித்தப்பா மட்டும் நின்றார். சேட்டுப் பைக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்தார். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பார். போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிசோ," என்றார்.

படலை அசைந்தது. பெண்ணின் தாய் மணலில் இறங்கி வந்தார். அவர் கால் வைப்பதைப் புருசன் வாயைத் திறந்தபடி பார்த்த பார்வையில், அந்த மணலை அவர் கனகாலம் மிதிக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. சித்தப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, ரங்கூன் கதை, ராப்பலகை எல்லாம் பொய்யோ?"

"ஓம், மாமி. பலகை மச்சாளின்ரை அலுமாரி. நூல் மிளகாய்ச் சாக்கு."

"நீந்தத் தெரியுமோ?"

"குளத்திலை இடுப்புக்கு மேலை தண்ணி வந்தால் கரைக்கு ஏறிடுவன்."

"கண்ணும் தெரியாதோ?"

"இதைப் போட்டால் தெரியும். போடாட்டில் கிட்ட நிக்கிற ஆக்கள் மட்டும்தான்."

அவர் கொஞ்ச நேரம் சித்தப்பாவின் கண்ணாடியையே பார்த்தார். பிறகு, விலை கேட்கிறவர் போல அமைதியாகக் கேட்டார், "பின்னேரம் வயலாலை எத்தினை மணிக்கு வீட்டை வருவியள்?"

"விளக்கு வைக்க முதல் வந்திடுவன், மாமி," என்றார் சித்தப்பா. "இருட்டினால் எனக்கு வரம்பு தெரியாது."

அவர் புருசன் பக்கம் திரும்பினார்.

"நாள் பாருங்கோ," என்றார்.

அப்பா கையில் வைத்திருந்த செருப்பை மணலில் போட்டார்.